வெள்ளைக் குண்டு விழுந்தால் நீங்கள் நீதிபதி

"குலுக்கிப் போட்டு ஆளெடுப்பது மக்களாட்சியா, லாட்டரியா?" அயர்லாந்தின் குடிமக்கள் மன்றம் பற்றிப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்த 99 சாதாரணக் குடிமக்கள் 2016இல் கூடத் தொடங்கி, 2017இல் கருக்கலைப்புக்குத் தடையாக இருந்த அரசமைப்புப் பிரிவை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்றார்கள். 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அதை நீக்கச் சொன்னார்கள்.

லாட்டரிதான். ஆனால் எப்படிப்பட்ட லாட்டரி?

பழைய ஏதென்ஸில் 'கிளெரோடெரியன்' என்றொரு கருவி இருந்தது. ஆளுயரப் பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், பக்கத்தில் ஒரு குழாய். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' அதை விவரிக்கிறது. நீதிமன்றத்தில் உட்கார விரும்புகிறவர் காலையில் தன் பெயர்ச் சீட்டைத் தன் பிரிவுக்கான பெட்டியில் போடுவார் (அவர்களை முன்பே எழுத்துவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள்). பெட்டியைக் குலுக்கிச் சீட்டுகளை எடுத்துத் துளைகளில் செருகுவார்கள். பிரிவுக்கு ஒரு நெடுவரிசை, மொத்தம் ஐந்து. பிறகு கருப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைக் குழாயில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கீழே விடுவார்கள். வெள்ளை விழுந்தால் முதல் கிடைவரிசையின் ஐந்து பேருமே நீதிபதிகள். கருப்பா? ஐவரும் வீட்டுக்கு. அடுத்த குண்டு, அடுத்த வரிசை.

ஐம்பது பேர் வேண்டுமென்றால் பத்து வெள்ளை போதும். எந்த வரிசை விழுந்தாலும் பிரிவுக்கு ஒருவர் தானாகவே வந்துவிடுகிறார். ஒதுக்கீட்டைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை. இருபது வரிசைக்குப் பத்து வெள்ளை என்றால் ஒவ்வொருவர் வாய்ப்பும் சரிபாதி. இதைத் தலையெழுத்து என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. லஞ்சம் கொடுக்க வந்தவன் யாரிடம் கொடுப்பது என்றே தெரியாமல் நிற்பான், அதற்காகச் செய்த பொறியியல் இது. ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் துளையே கிடையாது.

இன்றைய குடிமக்கள் மன்றங்களின் சிக்கல் வேறு. மன்றத்துக்கு வரச் சொல்லும் அழைப்புக் கடிதத்துக்குச் சரி என்பவர்களில் படித்தவர்களே அதிகம். வயது, கல்வி, பகுதி என்று ஒதுக்கீடு வைத்தால் சிலருடைய வாய்ப்பு ஏறும், சிலருடையது பாதாளத்துக்குப் போகும். 2021இல் 'நேச்சர்' இதழில் வந்த கணிமுறை இதை அழகாகத் தீர்க்கிறது. ஒதுக்கீட்டுக்குப் பொருந்தும் குழுக்கள் பலவற்றைக் கணினி உருவாக்கும். மிகக் குறைந்த வாய்ப்புள்ளவரின் வாய்ப்பு முடிந்தவரை உயரும்படி ஒவ்வொரு குழுவும் விழும் வாய்ப்பை நிர்ணயிக்கும். குலுக்கலில் விழுவது தனி ஆளல்ல, முழுக்குழு. ஏதென்ஸின் கிடைவரிசையேதான்!

சில இடங்களில் இப்படி ஆயிரம் குழுக்களுக்கு 000 முதல் 999 வரை எண்ணிட்டு, எல்லாரும் பார்க்க, இலக்கத்துக்கு ஒன்றாக மூன்று பந்துகளை எடுக்கிறார்கள்.