பிளாஸ்டரைச் சுரண்டத் தெரிந்த கை

பொருள் வடிவமைப்புக்கு வருகிறவர்களில் சிற்பம் படித்தவருக்குப் பொறியியல் என்றால் பயம். பொறியியல் படித்தவருக்குக் களிமண்ணில் கைவைக்கத் தயக்கம். இரண்டும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்க ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால்தான் நல்ல பாடம். 1960களின் கடைசியில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சிற்ப வேலையில் தேர்ந்த கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது.

அதற்குமுன் கிடைத்த செயற்கைப் பாதம் ஷூவுக்குள் போடவே செய்யப்பட்டது. உள்ளே விறைப்பான கட்டை. குந்தவும் சம்மணம் போடவும் அது இடம் தராது, சேற்றில் வெறுங்காலோடு நடக்கவும் ஆகாது. இவர்கள் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர் வைத்தார்கள். கணுக்காலுக்கு மட்டும் மரம். மூன்றையும் ரப்பரால் சுற்றி, அச்சில் வைத்து வேகவைத்தார்கள். பாதம் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்தது.

ஆனால் பாதத்தைவிட நுணுக்கமானது சாக்கெட், அதாவது எஞ்சிய கால் நுழையும் கூடு. முழங்காலுக்குக் கீழே எஞ்சிய காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கழற்றி, அதற்குள் பிளாஸ்டர் ஊற்றினால் காலின் நகல் கிடைக்கும். அந்த நகலின் மேல் அப்படியே சாக்கெட் செய்தால் புண் நிச்சயம். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் எடை தாங்கும். அந்த இடத்தில் பிளாஸ்டரைச் சுரண்டிக் குழிக்க வேண்டும். வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலை, முன்னெலும்பின் விளிம்பு, வெட்டுமுனை ஆகியவை தாங்காது. அங்கெல்லாம் சில மில்லிமீட்டர் அப்பி மேடாக்க வேண்டும். நகலில் மேடு வைத்தால் சாக்கெட்டில் அங்கே இடைவெளி விழும். சிறு எலும்பின் தலைக்குக் கீழே நரம்பு தோலை ஒட்டி ஓடுகிறது. மேடு குறைந்தால் சுருக்கென்று வலிக்கும். எவ்வளவு சுரண்டுவது என்பதை அளவுகோல் மட்டும் சொல்லாது, விரலால் காலைத் தடவிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பிறகு எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் குழாயைச் சூட்டில் இளக்கி நகலின் மேல் இழுத்து மாட்டுவார்கள்.

கால் போட்டுக்கொள்பவர்கள் கவனிக்க: முதல் சில மாதங்களில் எஞ்சிய கால் வற்றும். சாக்கெட் தளர்ந்தால் கால் உள்ளே இறங்கி, வெட்டுமுனை அடியில் இடிக்கும். எஞ்சிய காலில் காலுறை ஒன்று கூட்டிப் பாருங்கள். கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால் புதுச் சாக்கெட் கேளுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். எடை தாங்கும் இடத்தில் இலேசாகச் சிவந்து, சுமார் 10 நிமிடத்தில் மறைந்தால் சரி. எலும்பு மேட்டில் சிவப்பு தங்கினால் அன்று மறுபடி மாட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் போகலாம். தினமும் இரவு கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள்.