விடை சரி, வாசிப்பு தவறு

பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "லாவ்ஷி, என் மகள் ஒரு நாளைக்கு எத்தனை வாசிப்புப் பயிற்சிகள் செய்ய வேண்டும்?" ஆசிரியரைச் சீனர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். இரண்டு, நான்கு, ஆறு என ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மனநிறைவோடு போய்விடுவார்கள். நான் எண் சொல்வதில்லை. திருத்திக் கொடுத்த பழைய தாள் ஒன்றை எடுத்து, அதில் பிள்ளை சரியாக எழுதிய விடை ஒன்றைக் காட்டி, "இது ஏன் சரி என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்" என்பேன். தவறான விடையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சரியான விடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலுள்ள ஷியாமென் நகரில் மேல்நிலை மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்ததில் கண்டதை எழுதுகிறேன். தாளின் அமைப்பு தெரியாமல் இந்தச் சிக்கல் புரியாது. காவோகாவோ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஆண்டுதோறும் ஜூன் 7 அன்று தொடங்குகிறது. 2024-இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்த மதிப்பெண் 750. அதில் ஆங்கிலத்துக்கு 150. தாய்மொழியான சீனத்துக்கும் கணிதத்துக்கும் அதே 150-தான். ஃபூஜியன் உட்படப் பல மாகாணங்கள் எழுதும் தேசியத் தாளில் வாசிப்புக்கு 50 மதிப்பெண். நான்கு உரைகள், 15 கேள்விகள், கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். அதன் பிறகு, ஐந்து வாக்கியங்களை உருவி எடுத்த இன்னோர் உரை. கீழே ஏழு வாக்கியங்கள் கொடுத்திருப்பார்கள். ஐந்தைச் சரியான இடத்தில் பொருத்தி, இரண்டை ஒதுக்க வேண்டும்.

வாசிப்பின் கணக்கு இந்த 50-உடன் முடிவதில்லை. தாளின் இறுதியில் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்த இரண்டு பத்திகளுக்குத் தொடக்க வரியை மட்டும் கொடுத்து, மீதியை எழுதச் சொல்வார்கள். 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத்தில் தொடங்கிய இந்த முறைக்கு இப்போது 25 மதிப்பெண். இது எழுத்துத் தேர்வு என்று பெயர். கதையை மேலோட்டமாகப் படித்தவன் எவ்வளவு அழகான ஆங்கிலம் எழுதினாலும் தப்ப முடியாது. முதல் பாதியில் ஊருக்குப் போய்விட்ட பாட்டியை அவன் இரண்டாம் பாதியில் சமையலறையில் நிறுத்தியிருப்பான்.

இந்த மதிப்பெண்கள் எவ்வளவு பதற்றமான விஷயம் என்பதற்கும் ஜெஜியாங்தான் சாட்சி. 2018 நவம்பரில் நடந்த ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, எழுத்துப் பகுதிகளின் சில கேள்விகள் கடினமாக இருந்தன என்று அங்கே சிலருக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் மாகாண அரசு அந்த முடிவை ரத்து செய்து பழைய மதிப்பெண்களையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட சூழலில் எல்லோரும் உத்தியைத் தேடுவது இயல்பு. எங்கும் கற்பிக்கப்படும் உத்தி இது: கேள்வியை முதலில் படி. அதிலுள்ள முக்கியச் சொல்லை உரையில் தேடிப் பிடி. அந்த வரிக்கு முன்னும் பின்னும் பார். ஒத்துப்போகும் விடையைத் தேர்ந்தெடு. முதல் உரைக்கு இது அருமையாக வேலை செய்கிறது. அது பெரும்பாலும் அறிவிப்பாகவோ விளம்பரமாகவோ இருக்கும். 2023-இல் ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு சைக்கிள் எடுப்பது பற்றி வந்தது. வாடகைப் பட்டியலை யாரும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ரசித்துப் படிப்பதில்லை. வேண்டியதைத் தேடி எடுப்பதே அதற்குரிய வாசிப்பு. அதே உத்தியோடு நான்காம் உரைக்குள் போகும்போதுதான் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள்.

அதே 2023 தாளின் நான்காம் உரையைப் பார்ப்போம். பலர் தனித்தனியாக ஊகித்துச் சொன்ன எண்களைச் சராசரி எடுத்தால், அது உண்மைக்கு வியப்பூட்டும் அளவு நெருங்கி வரலாம் என்று ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1907 மார்ச் 7 அன்று வெளியான கட்டுரையில் காட்டினார். உரை அங்கிருந்து தொடங்குகிறது. ஒருவர் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் குறைத்துச் சொல்வார். பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறினால் இது நடக்காது. ஆகவே ஊகங்கள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும். பிறகு உரை திரும்புகிறது. நவாஹஸ் என்ற ஆய்வாளரின் குழு, மக்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கலந்து பேசவிட்டது. ஐவர் கொண்ட நான்கு குழுக்களின் சராசரி, தனித்தனியே ஊகித்த இருபது பேரின் சராசரியைவிடத் துல்லியமாக இருந்தது. முடிவில், இந்த ஆய்வுகளுக்கு வரம்புகள் இருந்தாலும், பல கேள்விகள் மிச்சமிருந்தாலும், கூடிப் பேசி முடிவெடுப்பதில் இவற்றால் விளையக்கூடிய பயன் மிகப் பெரியது என்று உரை முடிகிறது.

கடைசிக் கேள்வி: ஆய்வுகளைப் பற்றி எழுதியவரின் மனநிலை என்ன? ஏற்கிறார் என்பதே விடை. ஐயப்படுகிறார் என்பதும் தெரிவுகளில் இருந்தது. சொல்லைத் தேடிப்போன மாணவனின் கண்ணில் 'வரம்புகள்' பட்டது. 'கேள்விகள் மிச்சம்' பட்டது. ஐயம் என்று குறித்துவிட்டான். உரையின் அந்தக் கடைசி வாக்கியம் 'ஆல்தோ' (இருந்தாலும்) என்று தொடங்குகிறது. குறையை ஒப்புக்கொண்டு, பாரத்தைப் பின்பாதியில் இறக்கும் வாக்கியம் அது. சீன மொழியில் இப்படிச் சொல்லும்போது, முன்பாதியில் 'இருந்தாலும்' வந்தால் பின்பாதியில் பெரும்பாலும் 'ஆனால்' என்பதையும் வெளிப்படையாகச் சொல்வார்கள். ஆங்கிலம் இரண்டாவதை விழுங்கிவிடும். 'ஆனால்' வராததால் திருப்பமே வரவில்லை என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இது சொல்வளக் குறைவு இல்லை. இன்னும் நூறு தாள்கள் செய்தாலும் இது தானாகச் சரியாகாது.

உத்தி வகுப்புகளில் பொறிகளுக்கும் பட்டியல் உண்டு. உரையில் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தெரிவு, ஒரு பகுதியை முழுமை ஆக்கும் தெரிவு, கருத்தை நைசாக மாற்றிவிடும் தெரிவு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மேல் ஏற்றும் தெரிவுக்கு 'ஜாங்கின் தொப்பி லீயின் தலையில்' என்று பெயர். மாணவர்கள் இந்தப் பெயர்களை ஒப்பிப்பார்கள். பட்டியல் பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் தொப்பி ஜாங்குடையது என்று தெரிய உரையைப் படித்திருக்க வேண்டும் அல்லவா?

அடுத்தது, தெரியாத ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேலும் பென்சிலால் சீனப் பொருளை எழுதும் பழக்கம். சுறுசுறுப்பான மாணவர்களின் தாள்தான் இப்படி நிரம்பி வழியும். பெற்றோருக்கு அதைப் பார்த்தால் பெருமை. எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தைப் படிப்பதில்லை. மேலே உள்ள சீன எழுத்துகளை ஆங்கில வரிசையில் படிக்கிறது. அந்த வரிசையில் அவை எந்த மொழியும் இல்லை.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் ஆபத்து என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். பாடத்திட்டம் மேல்நிலை முடிவதற்குள் எதிர்பார்ப்பது சுமார் 3000 சொற்கள். அதற்கு அப்பாற்பட்ட முக்கியச் சொல் வந்தால் தாளிலேயே பொருள் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் 'நாவல்' என்றால் கதைப் புத்தகம் என்று மட்டும் அறிந்த மாணவன், 'நாவல்' தீர்வு என்று வரும்போது, அது புதுமையைக் குறிக்கிறது என்று ஐயப்படவே மாட்டான்.

வாக்கிய அமைப்புக்கு வருகிறேன். தமிழ் வாசகர்களுக்கு இது உடனே புரியும். 'நேற்று நான் கடையில் வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்கிறோம். விளக்கம் முன்னால், பெயர் பின்னால். சீனத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிடும், விளக்கம் வாலாகத் தொடரும். சில சமயம் வாலுக்கும் ஒரு வால் இருக்கும். வாக்கியத்தின் முதன்மை வினை வருவதற்குள், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே சீன மாணவனுக்கு மறந்துவிடுகிறது. தமிழ் பேசி வளர்ந்த எனக்கும் பள்ளிப் பருவத்தில் இதே தடுமாற்றம் இருந்தது. இங்கே வந்த பிறகு அது தொழிலுக்கு உதவுகிறது. நாளுக்கு ஒரு நீண்ட வாக்கியம் போதும். யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் அடிக்கோடிட்டு, மீதி எதை விளக்குகிறது என்று அம்புக்குறி போட வைக்கிறேன். இலக்கணப் பெயர் எதுவும் கேட்பதில்லை.

தாள் முழுவதிலும் எனக்குப் பிடித்தது அந்த ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொருத்தும் பகுதிதான். மாணவர்கள் வெறுப்பதும் அதையே. ஒரு சொல்லைத் தேடி விடை காண இங்கே வழியில்லை. முன் வாக்கியம் எங்கே விட்டது, பின் வாக்கியம் எங்கே பிடிக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நான் இதற்குத் தாள் கொடுப்பதில்லை. நல்ல கட்டுரை ஒன்றின் பத்தியை வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, உறையில் போட்டுக் கொடுப்பேன். மேசையில் பரப்பி வரிசைப்படுத்துவார்கள். 'இது' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அந்த 'இது' எது என்று சண்டை வரும். 'மாறாக' என்றால் எதற்கு மாறாக? சத்தம் பக்கத்து வகுப்புக்கே கேட்கும். சில பத்திகளுக்கு இரண்டு வரிசைகள் பொருந்திவிடும். ஆசிரியர் ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது பேச முடிகிறது. விடைக்குறிப்பு இருக்கும் தாளில் அந்தப் பேச்சு எழாது.

பாடத்திட்டம் வகுப்புக்கு வெளியே எவ்வளவு படிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கட்டாயப் பாடக் கட்டத்தில் வாரத்துக்குச் சராசரியாக 1500 சொற்களுக்குக் குறையாமல், அடுத்த கட்டத்தில் 2500 சொற்களுக்குக் குறையாமல். இரண்டு கட்டங்களுக்கும் மொத்தம் முறையே 45,000, ஒரு லட்சம். அளவு நியாயமானது. நடைமுறையில் மாதிரித் தாள்களின் உரைகளையே கூட்டிக் கணக்கை முடித்துவிடலாம். ஓர் உரை சுமார் 300 சொற்கள். ஓரிரு தாள்களிலேயே வாரக் கணக்கு தீர்ந்துவிடும். அது அந்த விதியை எழுதியவர்களின் எண்ணமாக இருந்திருக்க முடியாது. 300 சொற்களில் முடிந்துவிடும் உரையில் வாசகன் எதையும் நினைவில் சுமக்க வேண்டியதில்லை. நாற்பது பக்கக் கதையில் சுமக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் புரியாத சொல் ஏழாம் பக்கத்துக்குள் தானே புரிந்துவிடும் என்ற தைரியம் அங்கேதான் பிறக்கும். 2021 ஜனவரியில் வந்த கல்வி அமைச்சக அறிவிப்பின்படி, மாணவர்கள் பொதுவாகக் கைப்பேசியைப் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மெல்லிய காகிதப் புத்தகங்களுக்கு இதைவிட நல்ல சூழல் எங்கே கிடைக்கும்? மாலைத் தனிப்படிப்பு நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். கேள்வி கேட்கக் கூடாது, மதிப்பெண் கூடாது, படித்ததை எழுதித் தரச் சொல்லவும் கூடாது. கடைசி நிபந்தனைக்குத்தான் சக ஆசிரியர்களிடம் எதிர்ப்பு அதிகம்.

கால்டனும் நவாஹஸும் வந்த அந்த உரையில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. கூடிப் பேசினால் பிழை குறையும் என்று சொல்லும் உரையை லட்சக்கணக்கான பிள்ளைகள் தனித்தனி மேசையில், வாய் திறக்காமல் படித்தார்கள். தேர்வுக்கூடத்தில் வேறு வழியில்லை. பயிற்சியிலும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்? மாதிரித் தாள் முடிந்ததும் விடைகளை நான் அறிவிப்பதில்லை. நால்வர் ஒரு குழு. ஒவ்வொரு கேள்விக்கும் ஆதார வரியைக் காட்ட வேண்டும், மற்ற மூன்று தெரிவுகளும் ஏன் விழுகின்றன என்று சொல்ல வேண்டும். உரத்த குரலில் பேசும் பையன் ஜெயிப்பதும் நடக்கிறது. அதைத் தடுக்க, ஆதார வரியைக் காட்டாதவர் பேசக்கூடாது என்பது ஒரே விதி. ஒரு வகுப்பு நேரத்தில் இரண்டு உரைகளுக்கு மேல் நகராது. "பக்கத்துப் பிரிவில் ஆறு முடித்துவிட்டார்களாமே" என்று வீசாட் செயலிக் குழுவில் யாராவது ஒரு பெற்றோர் எழுதுவார். எழுதட்டும்.

மார்ச் மாதத்துக்குப் பிறகு இந்த ஆடம்பரத்துக்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு: அப்போதும் தாள் வாரத்துக்கு ஒன்று போதும், அது உண்மையான பழைய வினாத்தாளாக இருக்கட்டும். பயிற்சி நிறுவனங்கள் தயாரிக்கும் தாள்களில், உரையைப் படித்துப் படித்து நியாயம் தேடினாலும் கிடைக்காத விடைகள் உண்டு; அவை நல்ல வாசகனையும் தன்மேல் ஐயம் கொள்ள வைத்துவிடும். ஆங்கிலத் தேர்வு பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை. அதனால் பயிற்சியையும் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கே வைத்துக்கொள்ளலாம், மதிய உணவுத் தூக்கம் கண்ணைச் சொருகும் நேரம் அது. திங்கள் முதல் சனி வரை அந்த ஒரு தாளைப் பிரித்துப் பிரித்துப் பேசுங்கள், சரியாக வந்த விடைகளிலிருந்து தொடங்கி.