ஹெபடைடிஸ் ஜி: ரத்தப் பையில் ஏன் தேடுவதில்லை?

மகனுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்தத் தாய் அன்றைக்குப் பையில் ஒட்டியிருந்த லேபிளை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். எச்ஐவி நெகட்டிவ், ஹெபடைடிஸ் பி நெகட்டிவ், சி நெகட்டிவ், சிபிலிஸ் நெகட்டிவ். விரல் அங்கே நின்றது.

"டாக்டர், ஹெபடைடிஸ் ஜின்னு ஒண்ணு இருக்காமே? ரத்தம் ஏத்தினா வருமாமே? அதை ஏன் இதுல பாக்கலை?"

நியாயமான கேள்வி. ரத்த வங்கியில் வேலை பார்க்கும் நான் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. அவரிடம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

இந்த வைரஸின் கதை, மஞ்சள் காமாலை வந்த ஒரு அறுவை மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. 34 வயது. பெயரின் முதலெழுத்துகள் ஜி.பி. அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைச் சிறு குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார் ஃப்ரீட்ரிச் டைன்ஹார்ட் என்ற ஆய்வாளர். அவற்றுக்கும் ஹெபடைடிஸ், அதாவது கல்லீரல் அழற்சி வந்தது. 1967-இல் வெளியான ஆய்வு அது. காரணமான கிருமி எது என்று அப்போது பிடிபடவில்லை. 1995-இல் அபாட் என்ற மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்தக் குரங்குச் சீரத்தில் இரண்டு வைரஸ்களைக் கண்டார்கள். அதைப் பின்தொடர்ந்து மனித ரத்தத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கண்டு ஜிபிவி-சி என்று பெயர் வைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயம் ஜீன்லேப்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் குழு தனியாக ஒரு வைரஸைக் கண்டுபிடித்து 1996-இல் 'ஹெபடைடிஸ் ஜி' என்று அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே வைரஸ்தான்.

அந்தக் காலத்துப் பதற்றத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 1989-இல் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், ரத்தம் ஏற்றிய சிலருக்கு ஏன் கல்லீரல் கெடுகிறது என்று தெரியாமலே இருந்தது. அந்த மிச்சக் கணக்குக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். குற்றம் நிரூபணமாகும் முன்பே பெயர் விழுந்துவிட்டது.

1997-இல் ஹார்வி ஆல்ட்டர் குழு, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. (சி வைரஸ் தொடர்பான பணிக்காக 2020-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் அவர்.) ரத்தம் வழியாக வைரஸ் பரவுவது உறுதியானது. ஆனால் அது வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் கெடவே இல்லை. சி வைரஸோடு சேர்ந்து வந்தபோதும் நோயை மோசமாக்கவில்லை. இந்த வைரஸ் கல்லீரல் செல்களில் பெருகுவதாகத் தெரியவில்லை. ரத்தத்தின் வெள்ளணுக்களில், லிம்போசைட்டுகளில்தான் பெருகுகிறது. இன்றைக்கு அறிவியல் உலகில் அதற்குப் பெயர் ஹியூமன் பெகிவைரஸ். பழைய பெயர்தான் இன்னும் ஆட்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது.

பரவும் வழிகள்: ரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்கு. வளர்ந்த நாடுகளில் ஆரோக்கியமான ரத்தக் கொடையாளர்கள் 100 பேரில் 1 முதல் 5 பேர் வரை இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். வேறு சில நாடுகளில் 20 பேர் வரைகூட. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில், எந்த அறிகுறியும் காட்டாமல் தானாகவே போய்விடுகிறது. நோய் தராத ஒரு வைரஸுக்காக இத்தனை பேரின் ரத்தத்தைத் திருப்பி அனுப்பினால், இந்தப் பிள்ளைக்கு அடுத்த முறை பை கிடைக்காமல் போகலாம். லேபிளில் அந்த வரி இல்லாததற்குக் காரணம் இதுதான். நாங்கள் அலட்சியமாக விட்டுவிடவில்லை.

என்னை இன்றும் வியக்க வைப்பது வேறொன்று. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் அயோவாவில் எச்ஐவி உள்ள 362 பேரிடம் இந்த வைரஸைத் தேடினார்கள். 144 பேரிடம் இருந்தது. தொடர்ந்து கவனித்த காலத்தில் அந்த 144 பேரில் 41 பேர் இறந்தார்கள். வைரஸ் இல்லாத 218 பேரில் 123 பேர். எச்ஐவி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவைப் பெகிவைரஸ் குறைத்துவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. அதற்காக யாரும் இதை மருந்தாக நினைத்துவிட வேண்டாம். எச்ஐவியைக் கட்டுப்படுத்த நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், சில ஆய்வுகள் இந்த வைரஸுக்கும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்கின்றன. இதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அப்ப நான் பயப்பட வேண்டியது எதுக்கு டாக்டர்?" என்றார்.

"பி, சி ரெண்டுக்கும்தாம்மா. அதுவும் இதே வழியிலதான் வருது. ஆனா அது கல்லீரலைச் சுருக்கிடும், புற்றுநோய்லயும் கொண்டுபோய் விடும்" என்றேன். பிக்குத் தடுப்பூசி இருக்கிறது. சி வந்தாலும் 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் வந்திருப்பது தெரிய வேண்டுமே! அதனால் அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள் எல்லோரும் குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பையனின் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கைப்பையைத் துழாவி, நான்காக மடித்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஹெபடைடிஸ் பி வரிசையில் முதல் இரண்டு கட்டங்களில் தேதி இருந்தது. மூன்றாவது காலி. "அப்ப இவனுக்குக் காய்ச்சல். அப்புறம் மறந்தே போச்சு" என்றார். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட டோஸைப் போட்டாலே போதும் என்று சொன்னேன். ரத்தம் ஏறி முடிந்ததும் அன்றைக்கே போட்டு, காலிக் கட்டத்தில் தேதியை எழுதினோம்.