ஆர்டர் கூடக் கூட கையக் கடிக்குறது ஏன்?

வளர்ற கம்பெனின்னா லாபமும் வளருதுன்னுதான் வெளியில இருந்து பாக்குறவங்க நெனப்பாங்க. ஆனா டாலர், வட்டி, பஞ்சு விலை மூணும் நம்ம கையில இல்ல. ஆர்டர் ரெண்டு மடங்கானா இந்த மூணுலயும் வர்ற அடியும் ரெண்டு மடங்காகுது, அத தாங்குற சொந்த முதல் மட்டும் அதே வேகத்துல வளராது. இது எப்படின்னு பாக்க திருப்பூர்ல 2007-08ல நடந்தத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஒரு கணக்கு போடுவோம். 2007 ஆரம்பத்துல டாலர் ரேட் சுமாரா 44 ரூபா. ஒருத்தர் 1 லட்சம் டாலருக்கு டிசர்ட் ஆர்டர் எடுக்குறார், காஸ்டிங் போட்டப்ப வரவு 44 லட்சம், நூல், டையிங், தையல், லோன் வட்டி எல்லாம் சேத்து செலவு 41 லட்சம், கையில 3 லட்சம் நிக்கும். நூல் வாங்கி, துணி ஓட்டி, தச்சு, கப்பல் ஏத்தி, பையர் பணம் போட ஆறு ஏழு மாசம் ஆயிடும். அந்த வருஷக் கடைசில டாலர் 40 ரூபாய்க்கும் கீழ வந்துருச்சு. 40ன்னே வச்சாலும் வரவு 40 லட்சம், அதாவது 1 லட்சம் நஷ்டம். தையல்ல ஒரு பிசிறு இல்ல, ஷிப்மெண்ட் ஒரு நாள் லேட் இல்ல, அப்பவும் நஷ்டம்.

இதுக்கு மருந்து ஃபார்வர்ட் புக் பண்றது. ஆறு மாசம் கழிச்சு வரப்போற டாலருக்கு இன்னிக்கே பேங்க் ஒரு ரேட்ட உறுதி பண்ணிரும். எதிர்காலத்துல டாலர் எங்க போகும்னு பேங்குக்கு ஜோசியம் தெரியும்னு நெனச்சுக்காதீங்க. பேங்க் இன்னிக்கே டாலர்ல கடன் வாங்கி, அத வித்து ரூபாயாக்கி, இங்க வட்டிக்கு விட்டுட்டு, உங்க டாலர் வந்ததும் அந்தக் கடன அடச்சா அதுக்கு ரிஸ்க்கே இல்ல, பொதுவா நம்ம ஊர் வட்டி அமெரிக்கா வட்டிய விட ஜாஸ்திங்கறதால அந்த வித்தியாசம் இன்னிக்கு ரேட்டுக்கு மேல உங்களுக்கு பிரீமியமா வந்துரும்.

ஆனா ஒண்ணு, ஃபார்வர்ட் இருக்குற ரேட்டத்தான் பூட்டும், ஏற்கனவே போன நாலு ரூபாய திருப்பிக் கொண்டு வராது. வம்பே இங்கதான் ஆரம்பிச்சுது. போனத எப்படியாவது புடிச்சுரலாம்னு நிறைய ஏற்றுமதிக் கம்பெனிங்க பேங்குகள் வித்த சிக்கலான டெரிவேடிவ்ல, அதாவது வேற ஒண்ணோட விலை ஏறி எறங்குறத வச்சு பணம் கைமாறுற ஒப்பந்தத்துல, கையெழுத்துப் போட்டாங்க. அமெரிக்கா டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் நடுவுல இருக்குற ரேட்ட வச்சு ஒரு ஒப்பந்தம், பனியன் கம்பெனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, ஒரு சம்பந்தமும் இல்ல.

அது வேலை செஞ்ச விதம் தோராயமா இப்படி: கம்பெனிக்கு இப்பவே கொஞ்சம் பணம் கிடைக்கும், இல்லன்னா சந்தைய விட நல்ல ரேட் கிடைக்கும். பதிலுக்கு, டாலர் ஒரு குறிப்பிட்ட பிராங்க் அளவத் தொட்டு கீழ எறங்குனா வித்தியாசத்த கம்பெனி கட்டணும். 1.10 பிராங்குக்கு கீழ டாலர் அதுவரைக்கும் போனதே இல்லங்கறதால பாக்க சும்மா வர்ற காசு மாதிரி இருந்துச்சு. 2008 மார்ச்ல டாலர் 1 பிராங்குக்கும் கீழ போச்சு. 10 லட்சம் டாலருக்கு, 1.10ஐத் தொட்டுட்டா 1.20ல இருந்து வித்தியாசத்தக் கட்டுறேன்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டிருந்தா, 1.00ல அவர் கட்ட வேண்டியது 2 லட்சம் பிராங்க், அப்போதைய ரேட்ல சுமார் 80 லட்சம் ரூபா. வர்ற லாபத்துக்கு ஒரு எல்லை இருந்துச்சு, போற பணத்துக்கு இல்ல. பேர் ஹெட்ஜிங், அதாவது ரிஸ்க்குக்குப் பாதுகாப்பு, நடந்தது பந்தயம். என்னக் கேட்டா அதுல கையெழுத்துப் போட்டவங்கள விட அத வித்தவங்க மேலதான் எனக்குக் கோவம் ஜாஸ்தி.

விவகாரம் கோர்ட்டுக்கும் போச்சு. கோயம்புத்தூர் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் கம்பெனி ஆக்சிஸ் பேங்குக்கு எதிரா போட்ட கேஸ்ல, இது சூதாட்ட ஒப்பந்தம், செல்லாதுங்கற வாதத்த 2008 அக்டோபர்ல சென்னை ஹைகோர்ட் ஏத்துக்கல. அப்புறம் 2011ல டெரிவேடிவ் விதிகள மீறுனதுக்கு ரிசர்வ் பேங்க் 19 பேங்குகளுக்கு அபராதம் போட்டுச்சு, ஒவ்வொண்ணுக்கும் 5ல இருந்து 15 லட்சம், அவங்களுக்கு அது டீக்காசு.

வட்டி ரிஸ்க் இவ்ளோ சத்தம் போடாது. 2019 அக்டோபர்ல இருந்து சின்ன தொழில்களுக்கு பேங்க் குடுக்குற புது ஃப்ளோட்டிங் கடன், அதாவது வட்டி ஏறி எறங்குற கடன் எல்லாம், ரெப்போ (பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் கடன் குடுக்குற வட்டி) மாதிரி வெளி அளவுகோலோட சேந்துதான் ஓடணும். 2022 மே ஆரம்பத்துல 4%ல இருந்த ரெப்போ 2023 பிப்ரவரில 6.5% ஆச்சு. ரெப்போவோட சேந்த 2 கோடி சிசி லிமிட்ட (தேவைக்கு எடுத்து எடுத்துக் கட்டுற கேஷ் கிரெடிட் கடன்) முழுசா ஓட்டுறவருக்கு வருஷத்துக்கு 5 லட்சம் கூடுதல். ஆர்டர் ஏறுச்சுன்னு லிமிட்ட 4 கோடி ஆக்குனா அது 10 லட்சம்.

நூலும் அப்படித்தான், 2011 மார்ச்ல நியூயார்க் சந்தைல பஞ்சு ஒரு பவுண்ட் 2 டாலரத் தாண்டிட்டு சில மாசத்துலயே பாதியா விழுந்துச்சு. உச்சத்துல ஸ்டாக் வாங்கிப் போட்டவர் பாடு சொல்லவே வேணாம்.

வளர்ற கம்பெனிக்கு இன்னொரு கண்ணியும் இருக்கு. அடுத்த வருஷம் ஆர்டர் டபுள் ஆயிடும்னு நம்பி வராத ஆர்டருக்கும் சேத்து ஃபார்வர்ட் புக் பண்ணிருவாங்க. 2008 கடைசில ரேட் 50 ரூபாயத் தொட்டப்ப, 40 சொச்சத்துல புக் பண்ணிட்டு பையர் ஆர்டர கேன்சல் பண்ணிருந்தா, குடுக்குறதுக்கு டாலர் இருக்காது, கான்ட்ராக்ட கேன்சல் பண்ண ஒரு டாலருக்கு பத்து ரூபாக்கிட்ட கைக்காசு போகும். அதனால கன்ஃபர்ம் ஆன ஆர்டருக்கு மட்டும், அதுவும் மொத்தமா இல்லாம ஒரு பங்க புக் பண்ணிட்டு மீதிய ஷிப்மெண்ட் கிட்ட வர வர புக் பண்றவங்க இருக்காங்க. நூலயும் ஆர்டர் கையில வந்த அன்னிக்கே ரேட் பேசி முடிச்சுருவாங்க.