பழைய பொம்மையை ரோபோ ஆக்கும் முன்

நாடகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் மாதிரி உருவங்கள் செய்வது என் தொழில். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி வகுப்புகளும் எடுக்கிறேன். வருபவர்களில் பலருடைய பையிலும் ஒரு பழைய பொம்மை இருக்கும். முடி கொட்டியது, ஒரு கை கழன்றது, யாரும் தொடாமல் பரணில் கிடந்தது. அதை விண்வெளிப் பயணியாகவோ பாதி இயந்திரமான வேற்றுக்கிரகவாசியாகவோ மாற்றவேண்டும் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கழன்ற கைக்குப் பதில் ஒரு இயந்திரக் கை வைத்துவிட்டால் குறையே அந்தப் பாத்திரத்தின் கதையாகிவிடும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன். மாற்றி முடித்த பிறகு அது விளையாட்டுச் சாமான் அல்ல, அலமாரியில் வைக்கும் உருவம். முறையாகத் தயாராகும் பொம்மையில் கண்ணை இழுத்தால் கையோடு வருமா, பெயிண்டில் ஈயம் இருக்கிறதா, பேட்டரி மூடியைக் குழந்தையால் திறக்க முடியுமா என்றெல்லாம் பார்த்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். நாம் வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்த பிறகு அந்தச் சோதனைகள் எதுவும் செல்லாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை ஒரு நிமிடம்கூட மறக்கக்கூடாது.

கத்தியை எடுக்கும் முன் பொம்மை எதனால் ஆனது என்று பாருங்கள். பாட்டி காலத்துப் பொம்மை, மெல்லியதாக, உள்ளே காலியாக, தட்டினால் லேசாக ஒலிக்கிறது. விரலால் நன்றாகத் தேய்த்தால் கற்பூர வாசனை வருகிறது. அப்படியானால் அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். செல்லுலாய்டு சட்டெனத் தீப்பிடித்து வேகமாக எரியும். சூடான கத்தி, டிரில், ஹாட் குளூ எதுவும் அதன் பக்கத்தில் போகவேண்டாம். நான் அந்தப் பொம்மைகளை மாற்றவே மாட்டேன். அவை அப்படியே இருக்கட்டும்.

முகத்தில் பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டிலும் பொம்மைப் பெயிண்டிலும் ஈயத்துக்கு அமெரிக்கா தடை கொண்டுவந்ததே 1978-இல்தான். அதற்கு முந்தைய பெயிண்டை வறட்டாகத் தேய்த்தால் ஈயத் தூசு வீட்டுக்குள் பரவும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல்.

பெரும்பாலானவர்கள் கொண்டுவருவது வினைல் பொம்மைதான். தலையும் கை கால்களும் அழுத்தினால் அமுங்கும். வினைல் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். கெட்டியான அதை அப்படி இளக வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வருடங்கள் ஆக ஆக அது மேற்பரப்புக்குக் கசியும். பழைய பொம்மை கையில் பிசுபிசுவென ஒட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் பொருள்களில் தாலேட் வகைகள் சில, ஹார்மோன்களைப் பாதிக்கும் என்பதால் பொம்மைகளில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இயற்றிய விதியில் மூன்று தாலேட்களுக்கு 0.1 சதவீதம்தான் வரம்பு. அமெரிக்காவும் 2008-இல் சட்டம் போட்டது. அதற்கு முந்தைய பொம்மை பிசுபிசுத்தால் சோப்பு நீரில் கழுவுங்கள், கையையும் கழுவுங்கள், குழந்தை வாயில் வைக்க விடாதீர்கள்.

இதே பிளாஸ்டிசைசர்தான் பெயிண்டையும் கெடுக்கிறது. “ஸ்ப்ரே அடித்து வாரக்கணக்காகியும் காயவில்லை” என்ற புகாரை அடிக்கடி கேட்கிறேன். வினைலிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் ஸ்ப்ரே பெயிண்டுக்குள் ஊறி அதை இளக்கிவிடும். அப்புறம் அது காயவே காயாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டை, மெல்லிய பூச்சுகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று தூரிகையால் பூசுங்கள். வாடையும் இல்லை, பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து செய்யலாம். உலோகத் தோற்றம் வேண்டுமா? முதலில் கறுப்பு பூசிக் காயவிடுங்கள். பிறகு தூரிகையில் வெள்ளி நிறத்தைத் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் உரசுங்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கி, பல வருடம் விண்வெளியில் அலைந்த இரும்பு போலத் தெரியும். மூட்டுகளில் பஞ்சால் கொஞ்சம் பழுப்பு ஒற்றினால் துருவும் வந்துவிடும்.

தலையைக் கழற்ற நெருப்புக் காட்டாதீர்கள். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சை எரிக்கும். வெந்நீரில் சில நிமிடம் வைத்தாலே கழுத்து இளகித் தலை வந்துவிடும்.

சூப்பர் குளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக்கூடாது. பருத்தியில் பட்டதும் அது வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

உடம்பில் ஒட்ட பாட்டில் மூடி, பேனாக் குழாய், உடைந்த கடிகாரத்தின் பல்சக்கரம் எல்லாம் அருமை. பழைய கேமராவை மட்டும் பிரிக்காதீர்கள். ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் என்ற, மின்சாரத்தைச் சேமிக்கும் பாகத்தில் சுமார் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கலாம், பேட்டரியைக் கழற்றிய பிறகும். மின்சுற்று அட்டைகளை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம்; பழையவற்றின் சாலிடரில், அதாவது பாகங்களைப் பற்றவைத்த உலோகத்தில், ஈயம் உண்டு.

இனி பேட்டரி. கண்ணில் சிவப்பு வெளிச்சம் வரவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். ஒரு எல்இடி விளக்கு, நாணயம் போன்ற ஒரு பட்டன் செல், கொஞ்சம் டேப் என்று வேலையை முடிப்பதுதான் வழக்கம். என் வகுப்பில் அதை அனுமதிப்பதில்லை. சிஆர்2032 என்ற செல் 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் அரிக்கும் காரப்பொருள் (ஆல்கலி) உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கும். விளக்கை எரிக்கச் சக்தியில்லாத பழைய செல்லும் இதைச் செய்யும். டேப் பிரிந்துவிடும், ஹாட் குளூ வினைலிலிருந்து உரிந்துவிடும்.

திருகு மூடி உள்ள பெட்டியில் இரண்டு ஏஏஏ பேட்டரிகள் போடுங்கள். சிவப்பு எல்இடி-க்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தால் போதும். பெட்டியைப் பொம்மையின் முதுகில் கட்டினால் பிராணவாயுத் தொட்டி போலவே இருக்கும், பார்க்கவும் அழகு. தலையையும் கையையும் மாற்றி மாற்றிப் பொருத்த வலுவான சின்னக் காந்தங்கள் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடல் சுவரை நடுவில் பிடித்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் காந்தமே வேண்டாம்.

குழந்தை பட்டன் செல்லை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகவில்லை, நன்றாக விழுங்க முடிகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன் கொடுக்கலாம். அரிப்பை அது ஓரளவு தடுக்கும். தேனைத் தேடி நேரத்தைக் கடத்தவேண்டாம். பேட்டரியின் உறையோ அதே மாதிரி இன்னொரு செல்லோ இருந்தால் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள்.