ஸ்பிரிங் வாஷர் போட்டால் போல்ட் கழலாதா?

அதிரும் இடத்தில் போல்ட் கழன்று விழுந்தால், "ஸ்பிரிங் வாஷர் போட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஓரிடத்தில் வெட்டி, சுருள்போல லேசாகத் திருகிய வாஷர் அது. பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அப்படியும் ஏன் கழன்றது என்று புரிய, இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

நட்டை இறுக்கும்போது போல்ட் ரப்பரைப் போலக் கொஞ்சம் நீள்கிறது. அந்த நீட்சிதான் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. எம்10 அளவில் (10 மி.மீ. விட்டம்) 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) போல்ட்டைச் சுமார் 50 நியூட்டன் மீட்டர் டார்க்கில், அதாவது திருகு விசையில், இறுக்கினால் ஏறத்தாழ 25 கிலோநியூட்டன், அதாவது இரண்டரை டன் இழுப்பு கிடைக்கும். தகடுகளின் மொத்தத் தடிமன் 20 மி.மீ. என்றால், இத்தனை இழுப்புக்கும் போல்ட் நீள்வது 0.04 மி.மீ. அளவுதான். எங்காவது 0.01 மி.மீ. அமுங்கினால்கூட பிடிப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போய்விடும். வாஷருக்கு அடியில் விட்டுவைத்த கனமான பெயிண்ட், பிசிறு, துரு எல்லாம் இதைவிட அதிகமாகவே அமுங்கும்.

பிளெயின் வாஷரின், அதாவது தட்டையான சாதாரண வாஷரின், வேலை இங்கேதான். எம்10 போல்ட்டின் தலை 11 மி.மீ. துளையைச் சுற்றி உட்காரும் பரப்பு சுமார் 72 சதுர மி.மீ. மட்டுமே. 25 கிலோநியூட்டன் அதில் இறங்கினால் ஒரு சதுர மி.மீ.க்கு 345 நியூட்டன் அழுத்தம். அலுமினியத் தகடு அதில் குழிந்துவிடும். 20 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட வழக்கமான வாஷர் இந்தப் பரப்பை ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காக்குகிறது.

அப்படியானால் இன்னும் அகலமான வாஷர் இன்னும் நல்லதா? தடிமன் கூடாமல் அகலம் மட்டும் கூடினால் பயனில்லை. தலையின் விளிம்பிலிருந்து விசை ஏறத்தாழ வாஷரின் தடிமன் அளவுக்குத்தான் பக்கவாட்டில் பரவும். 30 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய வாஷரின் வெளிவட்டம் விசையைத் தாங்காமல் கிண்ணம்போல வளைந்துவிடும். நீள்துளைக்கு மேல் போடும்போது தடிமனான பிளேட் வாஷரே தேவை. இரண்டு மூன்று வாஷர்களை அடுக்கிச் சமாளிப்பதும் தவறு. ஒவ்வொரு கூடுதல் பரப்பும் அமுங்குவதற்கு இன்னொரு இடம். போல்ட் நீளமாகிவிட்டது என்றால் சரியான நீளத்தில் வாங்குங்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது வாஷரின் கடினத்தன்மை. 8.8 கிரேடு போல்ட்டுக்கு விக்கர்ஸ் (கடினத்தன்மையின் அளவு) 200, அதைவிட வலுவான 10.9 கிரேடுக்கு விக்கர்ஸ் 300 வாஷர் வேண்டும். பெட்டியில் கிடக்கும் மென்மையான வாஷரை 10.9 போல்ட்டுக்குப் போட்டால், டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொன்ன பிறகும் வாஷர் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் பார்த்தால் பிடிப்பு குறைந்திருக்கும்.

இனி ஸ்பிரிங் வாஷர். இதன் சுருள் முழுதாகத் தட்டையாவதற்குத் தேவைப்படும் விசை, 8.8 போல்ட்டின் பிடிப்பு விசையில் சிறு பகுதிதான். பாதி இறுக்கும் முன்பே அது தட்டையாகிவிடும். அதன் பிறகு அது வெட்டு விழுந்த ஒரு சாதாரண வாஷர், அவ்வளவுதான். முனைகள் கடித்துப் பிடிக்கும் என்பார்கள். ஆனால் வழக்கத்தில் அதன் அடியில் ஒரு பிளெயின் வாஷரையும் போடுகிறோம். முனை அதைக் கடிக்கும், அந்த வாஷரோ தகட்டின் மேல் வழுக்கிச் சுழலும். தகடுகள் பக்கவாட்டில் நழுவும்போது நட் தானாகவே கழல்கிறது என்பதை கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதித்துக் காட்டினார். ஆகவே தகடு நழுவாத அளவுக்குப் பிடிப்பு விசை இருப்பதே முதல் பாதுகாப்பு. இடம் இருந்தால், பிடிக்கும் நீளம் போல்ட் விட்டத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு வருமாறு அமையுங்கள். நீளமான போல்ட் அதிகம் நீளும், சிறு அமுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்.

அதையும் மீறி அதிர்வு கடுமையாக இருந்தால் வெட்ஜ் லாக் வாஷர் போடலாம். இது ஜோடியாகவே வரும். சாய்வுப் பற்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளேயும், கீறும் பற்கள் வெளியேயும் இருக்க வேண்டும். அந்தச் சாய்வு மரையின் சாய்வைவிடச் செங்குத்தானது. நட் பின்னோக்கிச் சுழல முயன்றால் வாஷர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, போல்ட்டை இன்னும் இழுத்துவிடும். திருப்பிப் போட்டாலோ, அடியில் பிளெயின் வாஷர் வைத்தாலோ, அந்தப் பயன் இல்லை.

செம்பு, அலுமினிய பஸ்பார் (மின்சாரம் கடத்தும் பட்டை) இணைப்புக்குக் கூம்பு வடிவ டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்தான் பொருத்தம். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கி, குளிர்ந்த பிறகும் பிடிப்பைக் காப்பது இந்தக் கூம்பு. குவிந்த பக்கம் நட்டை நோக்கி, அடியில் அகலமான பிளெயின் வாஷர். பிடிப்பு தளர்ந்தால் தொடர்பு கெட்டு, இணைப்பு சூடாகி எரியும். ஸ்டார் வாஷரை எர்த் இணைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பற்கள் பெயிண்டைக் கீறி உலோகத்தைத் தொடும்.

ஐ பீம், சேனல் ஆகியவற்றின் உள்முகம் சரிவாக இருந்தால், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த டேப்பர் வாஷர் கட்டாயம். சாதாரண வாஷர் போட்டால் தலை ஒரு பக்கம் மட்டும் உட்காரும், போல்ட் வளையும், கழுத்தில் விரிசல் விழும். ஆயில் டிரெயின் பிளக்கின் காப்பர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

பொருத்தும்போது: வாஷர் ஒன்றுதான் என்றால் எந்தப் பக்கத்தைச் சுழற்றுகிறீர்களோ அந்தப் பக்கம். உள்விளிம்பு சரிவாக வெட்டப்பட்டிருந்தால் அந்தச் சரிவு போல்ட் தலையைப் பார்க்க வேண்டும். தலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வளைவில் வாஷர் ஏறி உட்காராமல் இருக்கத்தான் அந்த வெட்டு.

கழற்றிய வாஷரைத் தூக்கி எறியும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தலையின் வளையம் பள்ளமாகப் பதிந்திருந்தால் வாஷர் மென்மையானது. கிண்ணம்போல வளைந்திருந்தால் தடிமன் போதவில்லை. தகட்டைத் தொட்ட பக்கத்தில் வட்டக் கீறல் இருந்தால், நட்டோடு சேர்ந்து வாஷரும் சுழன்றிருக்கிறது. வாஷர் சுழலாமல் பிடித்துக்கொண்டு, டார்க்கை மறுபடி சரிபார்க்க வேண்டும்.