சுட்டுப் புதைபடிவம்

நிலவியலில் வரும் ‘இண்டெக்ஸ் ஃபாசில்’ (index fossil) என்பதைக் ‘குறியீட்டுப் புதைபடிவம்’ என்று எழுதினால், விலைவாசிக் குறியீடு போல ஏதோ கணக்கு என்றுதான் தோன்றும். லத்தீனில் இண்டெக்ஸ் என்றால் சுட்டிக்காட்டுவது. ஆள்காட்டி விரலுக்கும் அதே பெயர். சுட்டுவிரல் என்ற சொல் நம்மிடமே இருக்கும்போது ‘சுட்டுப் புதைபடிவம்’ என்பதே சரி. ஜெர்மன் மொழியில் இதை ‘லைட்ஃபாசில்’ என்பார்கள். லைட் என்பது வழிநடத்துவது. ஆகவே ‘வழிகாட்டிப் புதைபடிவம்’ என்றாலும் பழுதில்லை.

ஃபாசில் என்பது ‘தோண்டு’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில், தோண்டியெடுத்த தாதுக்கல்லும் ஃபாசில்தான்! தமிழில் முதலிலேயே ‘புதை’ வந்துவிட்டதால் அந்தக் குழப்பம் இல்லை.

சரி, இது எதைச் சுட்டுகிறது? தான் கிடக்கும் பாறை அடுக்கின் காலத்தை. அதற்கு அந்த உயிரினம் பரவலாக வாழ்ந்திருக்க வேண்டும், குறுகிய காலமே இருந்திருக்க வேண்டும், பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும். கடற்பாறையில் சிப்பி, அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) என்று இதற்கு நிறைய உண்டு. ஆற்றுவண்டல் இறுகிய நிலப்பாறையில் பாலூட்டிகள்தான் கைகொடுக்கும், அதிலும் பற்கள். எலும்பு நொறுங்கினாலும் பல்லின் எனாமல் நிற்கும்.

நல்ல உதாரணம், மூன்று விரல் குதிரையான ஹிப்பாரியன். கிரேக்கத்தில் இதற்கு மட்டக்குதிரை என்று பொருள். அதன் மேல்கடைவாய்ப் பல்லை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மடிப்பு மடிப்பான எனாமல் கோடுகளுக்கு உட்புறம், எதோடும் ஒட்டாத சிறு வட்டம் ஒன்று தீவு போல நிற்கும். இன்றைய குதிரைப் பல்லில் அது பக்கத்து மடிப்போடு சேர்ந்திருக்கும். பல் ஒன்று கிடைத்தாலே போதும், ஆள் யார் என்று சொல்லிவிடலாம்.

இந்த வகைக் குதிரைகள் தோன்றியது வட அமெரிக்காவில். கடல் மட்டம் தாழ்ந்தபோது பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் நுழைந்தன. வியன்னா படுகையில் சுமார் 1 கோடியே 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும், பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்துச் சிவாலிக் பாறைகளில் (இமயமலை அடிவாரத்து ஆற்றுவண்டல் அடுக்குகள்) சுமார் 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் முதலில் தென்படுகின்றன. சிவாலிக்கில் இந்த வயதைக் கொடுத்தது பழங்காந்தத் திசை, அதாவது வண்டல் படிந்த காலத்தில் பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசை. ஆக, சிவாலிக் அடுக்கு ஒன்றில் ஹிப்பாரியன் பல் கிடைத்தால், அந்த அடுக்கு சுமார் 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளைவிடப் பழையதாக இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் பல் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் அடுக்கு பழையது என்று முடிவுகட்டக் கூடாது. அன்றைக்கு அந்த இடத்தில் குதிரை எதுவும் புதையாமல் போயிருக்கலாம். அதனால்தான் எலிப் பற்களையும் விடாமல் தேடுகிறார்கள். மூட்டை மூட்டையாக மண்ணை நீரில் கரைத்துச் சலித்து, சல்லடையில் தங்கியதை நுண்ணோக்கியில் பொறுக்குவார்கள். எலி இனங்கள் வேகமாக மாறுபவை. குதிரையைவிட நெருக்கமாகக் காலத்தைச் சுட்டும்.